எலியட் காட்டை விற்பதா வேண்டாமா? ஓரிகன் பொது நிலமும் பூர்வகுடிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலம். அங்கே கூஸ் பே ஊருக்கு வடகிழக்கே, கடலோர மலைத்தொடரில் எலியட் மாநிலக் காடு இருக்கிறது. அதில் சுமார் 82,500 ஏக்கரை ஒரு மரக் கம்பெனியும் கவ் க்ரீக் என்ற பூர்வகுடியும் சேர்ந்த கூட்டுக்கு விற்கலாமா என்று 2015 முதல் 2017 வரை ஓரிகன் மக்கள் இரண்டு பிரிவாக நின்று வாதாடினார்கள். விலை 22 கோடியே 8 லட்சம் டாலர். விற்பனை கையெழுத்தாகும் நிலைவரை வந்து நின்றுபோனது. பொது நிலத்தைப் பூர்வகுடிக்கு விற்கும் பேச்சு எங்கே எழுந்தாலும் வரக்கூடிய கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வழக்கில் இருப்பதால், அதையே மையமாக வைத்து இங்கே விடை சொல்கிறோம்.

பொது நிலம் என்கிறீர்கள். சரியாகச் சொன்னால் இது யாருடைய நிலம்?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

1859-ல் ஓரிகன் மாநிலமானபோது, ஒன்றிய அரசு ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆவது, 36-ஆவது சதுர மைல்களைப் பள்ளிகளுக்காக மாநிலத்துக்குக் கொடுத்தது. ஒரு டவுன்ஷிப் என்பது 36 சதுர மைல். இப்படிக் கிடைத்தவை மலையெங்கும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. நிர்வகிக்க முடியாத அந்தத் துண்டுகளில் பலவற்றை ஒன்றிய அரசிடம் திருப்பிக் கொடுத்து, பதிலுக்குத் தேசியக் காட்டிலிருந்து ஒரே தொகுப்பாக நிலம் வாங்கினார்கள். அப்படி 1930-ல் உருவானதுதான் எலியட், ஓரிகனின் முதல் மாநிலக் காடு. மாநிலத்தின் முதல் வனத்துறைத் தலைவர் பிரான்சிஸ் எலியட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

காட்டின் பெரும்பகுதி வருமானம் பொதுப் பள்ளி நிதிக்குப் போக வேண்டும். அந்த நிதிக்கும் அதைச் சேர்ந்த நிலங்களுக்கும் பொறுப்பு மாநில நில வாரியம். வாரியத்தில் மூன்றே பேர்: ஆளுநர், மாநிலச் செயலர், கருவூலர். மூவரும் தேர்தலில் வென்று வருபவர்கள். ஆளுநர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைக்க வேண்டாம்; அங்கே அவர்தான் முதல்வரின் இடத்தில் இருப்பவர்.

ஆக வாரியத்துக்கு இரண்டு தொப்பி. காட்டைக் காக்கும் கடமையும் உண்டு, பள்ளி நிதிக்குப் பணம் சேர்க்கும் கடமையும் உண்டு. மரம் வெட்டிக் காசு வந்த காலத்தில் இரண்டும் மோதவில்லை.

பிறகு ஏன் விற்க வேண்டி வந்தது?

ஒரு பறவையால் என்று அந்த வட்டாரத்தில் கோபமாகச் சொல்வார்கள். பறவை உண்மைதான். ஆனால் காரணம் கணக்கு.

மார்பிள்ட் மர்லெட் புறா அளவேயுள்ள கடற்பறவை. மீன் பிடிப்பது கடலில். முட்டையிடுவது பல மைல் உள்ளே, பழங்காட்டில். அது கூடு கட்டுவதில்லை. வயதான டக்ளஸ் ஃபிர் மரத்தின் அகன்ற கிளையில் மெத்தைபோல் பாசி படர்ந்திருக்கும். அந்தப் பாசியில் ஒரு சின்னக் குழிவு, அதில் ஒரே ஒரு முட்டை. அவ்வளவு அகலமான கிளை விட ஒரு மரத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். எலியட் பகுதி 1868-ல் பெருந்தீயில் எரிந்து தானாக முளைத்த காடு. அதனால் வெட்டப்படாமல் மிஞ்சிய மரங்கள் சரியாக அந்த வயதில் இருந்தன. மரக் கம்பெனிகளுக்கு நல்ல விலை தருபவையும் அதே மரங்கள்தான்.

1992-ல் மர்லெட் அழியும் ஆபத்திலுள்ள இனமாக ஒன்றியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2012-ல் மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகள் மாநிலத்தின்மேல் வழக்குப் போட்டன. மாநிலம் பல மர ஏலங்களைக் கைவிட்டுச் சமரசம் செய்துகொண்டது. 2013-ல் எலியட் பள்ளி நிதிக்கு வருமானம் தருவதற்குப் பதிலாகச் செலவு வைத்தது. சொத்து நட்டம் தந்தால் அறங்காவலர் விற்றுவிட்டு வேறு முதலீடு தேட வேண்டும் என்ற வாதம் அங்கிருந்து பிறந்தது. 2015 ஆகஸ்டில் வாரியம் முழுக் காட்டையும் கைமாற்றுவதற்கான நடைமுறையை ஏற்றது.

கவனியுங்கள்: நிலத்தைப் பூர்வகுடிக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணத்தில் இந்த விற்பனை தொடங்கவில்லை. நிதியின் ஓட்டையை அடைக்கத் தொடங்கியது. பின்னால் வந்த குழப்பம் பாதிக்கு இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

22 கோடியே 8 லட்சம் என்ற விலை எப்படி வந்தது? ஏலம் விடவில்லையா?

ஏலம் இல்லை. மதிப்பீட்டாளர்களை வைத்து நியாய விலையைக் கணித்து, 2016-ல் அதை ஒரே விலையாக அறிவித்தார்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விலையில் போட்டி வேண்டாம், பொதுநன்மையில் போட்டியிடுங்கள் என்பது அதன் பொருள்.

பொதுநன்மைக்கு நான்கு அடிக்கோடுகள் போட்டார்கள். நிலத்தில் பாதியிலாவது பொதுமக்கள் போய்வர வழி இருக்க வேண்டும். பழமரத் தொகுப்புகளில் 25 விழுக்காட்டையாவது காக்க வேண்டும். மீன் வாழும் ஓடைகளின் இருபுறமும் 120 அடிக்கு வெட்டக் கூடாது. 10 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 40 முழுநேர வேலைகளாவது தர வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மொத்த விலையை ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,676 டாலர். வாங்கியவர் அந்தப் பணத்தை எடுக்க மரம் வெட்டியே ஆக வேண்டும். மாநிலத்தால் வெட்ட முடியாமல் போனதற்குக் காரணமான பறவை, விற்றபிறகும் அதே கிளையில்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றியச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும். இந்த இடர்ப்பாட்டோடு அத்தனை பெரிய தொகையை முன்பணமாகப் போட ஆள் கிடைப்பது அரிது.

அப்படியானால் வாங்க வந்தது யார்?

2016 நவம்பர் கெடு முடிந்தபோது மேசையில் இருந்தது ஒரே ஒரு விண்ணப்பம். ரோஸ்பர்க் ஊரைச் சேர்ந்த லோன் ராக் என்ற மரக் கம்பெனியும், கவ் க்ரீக் அம்ப்குவா பூர்வகுடியும் சேர்ந்து கொடுத்தது.

பூர்வகுடி என்றால் இங்கே வெறும் சமூகக் குழு என்று எண்ணக் கூடாது. ஒன்றிய அரசு அங்கீகரித்த பூர்வகுடி என்பது ஓர் அரசு. அதற்கு மன்றம் உண்டு, சட்டங்கள் உண்டு, வணிக நிறுவனங்களும் இருக்கலாம். கவ் க்ரீக் மக்கள் கேன்யன்வில் ஊரில் கேசினோவும் விடுதியும் நடத்துகிறார்கள். அவர்களுக்கு 1982-ல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

பூர்வகுடிக்குத்தானே நிலம் போகிறது? அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

எதிர்த்தவர்கள் ஒரே வகையினர் அல்லர். அவர்களை ஒரே மூட்டையில் கட்டினால் விவாதம் புரியாது.

ஒரு பிரிவினர் வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் காளான் பொறுக்குபவர்களும். காட்டு வாசலைப் பூட்டிவிடுவார்களோ என்பது அவர்கள் பயம். 2014-ல் எலியட்டில் மூன்று துண்டுகளை மாநிலம் மரக் கம்பெனிகளுக்கு விற்றிருந்தது. பொது நிலம் தனியார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் பார்த்தவர்கள் அவர்கள். பாதி நிலத்தில் அனுமதி என்றால் எந்தப் பாதி, சாலையோரப் பாதியா, மலை உச்சிப் பாதியா என்ற கேள்வி நியாயமானது.

சுற்றுச்சூழல் அமைப்புகளோ 25 விழுக்காடு காப்பு என்பதைத் திருப்பிப் போட்டு, 75 விழுக்காடு வெட்டு என்று படித்தன.

எதிர்க்காதவர்களும் உண்டு. ஒரு வகையினர் பள்ளி நிதியின் பக்கம் நின்றவர்கள். இவர்கள் விற்பனையை ஆதரித்தார்கள். காட்டைக் காக்க வேண்டுமானால் அதற்கான காசை மொத்த மாநிலமும் தரட்டும், பள்ளிப் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுக்காதீர்கள் என்றார்கள். இதில் உண்மை உண்டு.

கூஸ், டக்ளஸ் ஆகிய இரண்டு கவுண்டிகளிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பலர் வேலையையும் வரியையும் பார்த்தார்கள். மாநில நிலமாக இருக்கும்வரை சொத்து வரி வராது. பள்ளி நிதி நிலத்தில் வெட்டும் மரத்தின் வருமானமும் கவுண்டிக்கு வராது.

இவற்றுக்கிடையே கவ் க்ரீக் பூர்வகுடி நின்றது. ஆதரித்தவர்கள் அதைக் கேடயமாகப் பிடித்தார்கள். எதிர்த்தவர்களில் சிலர் அதைத் திரையென்றார்கள். இரண்டும் அந்த மக்களுக்குச் செய்த அநீதி என்றே சொல்வோம். 1853 ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 800 சதுர மைல் நிலத்துக்கு அவர்களுக்குப் பேசிய தொகை 12,000 டாலர். ஏக்கருக்குச் சுமார் 2.3 சென்ட். அதே மண்ணைக் குடியேறிகளுக்கு அரசு விற்றது ஏக்கர் 1.25 டாலருக்கு. அப்படி நிலத்தைப் பறிகொடுத்த மக்களிடம் ஏக்கருக்கு 2,676 டாலர் கேட்டுவிட்டு, கூட ஒரு மரக் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டு ஏன் வருகிறாய் என்று கேட்பது முறையாகாது. முழு விலை கேட்டால் பங்காளி இல்லாமல் யாரால் வர முடியும்?

எலியட் உண்மையில் எந்தப் பூர்வகுடியின் மண்?

 முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

கவ் க்ரீக் மக்களின் ஒப்பந்த நிலம் அம்ப்குவா ஆற்றின் தென்கிழக்கு மேட்டுப் பகுதியில் இருக்கிறது. எலியட் அமைந்திருப்பது கடலோரத்தில், கூஸ் மக்களும் கீழ் அம்ப்குவா மக்களும் வாழ்ந்த பகுதியில். இன்று அவர்கள் சயூஸ்லா மக்களோடு சேர்ந்து ஒரே கூட்டமைப்பாக இருக்கிறார்கள். 1855-ல் அவர்களோடும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அமெரிக்க செனட் அதை ஏற்று முத்திரையிடவே இல்லை. ஆகவே அவர்கள் நிலத்தை விற்கவும் இல்லை, விலை பெறவும் இல்லை. நிலம் மட்டும் போய்விட்டது. ஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். முன்னோர் வாய்மொழியாகச் சொல்லிவைத்ததைச் சான்றாக ஏற்க மறுத்து 1938-ல் வழக்கைத் தள்ளினார்கள். 1954-ல் ஒன்றிய அரசு மேற்கு ஓரிகன் பூர்வகுடிகளின் அங்கீகாரத்தையே சட்டம் போட்டு நீக்கியது. இவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1984-ல். சிலெட்ஸ் கூட்டமைப்புக்கு 1977-ல், கொக்வெல் மக்களுக்கு 1989-ல்.

உள்ளூர்ப் பூர்வகுடி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கைந்து அரசுகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி எல்லை, தனி மனக்குறை. ஒருவருக்கு விற்பது இன்னொருவரின் மூதாதையர் மண்ணை விற்பதாக முடியலாம். விற்கும் அரசு முதல் அறிவிப்புக்கு முன்பே அந்தப் பகுதியோடு தொடர்புள்ள எல்லாப் பூர்வகுடி மன்றங்களுக்கும் தனித்தனியே எழுதி, நேரில் உட்கார்ந்து பேச வேண்டும். பத்திரிகை விளம்பரம் போதாது.

வாக்கெடுப்பில் என்ன நடந்தது?

2017 பிப்ரவரி 14 அன்று வாரியம் 2-க்கு 1 என்று விற்கத் தீர்மானித்தது. மாநிலச் செயலர் டென்னிஸ் ரிச்சர்ட்சனும் கருவூலர் டோபயாஸ் ரீடும் ஆதரவு. ஆளுநர் கேட் பிரவுன் எதிர்ப்பு. அதன்பின் எழுந்த கண்டனத்தில் ரீட் மனம் மாறினார். மே மாதம் மூவரும் ஒருமனதாகக் காட்டைப் பொதுவிலேயே வைத்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். அந்த ஆண்டே சட்டமன்றம் 10 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பணம் பள்ளி நிதிக்கு. அதற்கு ஈடாகக் காட்டின்மேல் பள்ளி நிதிக்கு இருந்த பிடி தளரும். மாநிலம் தன் ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்ட காசு இது. ஆனாலும் சரியான பையில் போட்டது.

விற்றிருந்தால் அது சட்டப்படி நின்றிருக்குமா?

பெரும்பகுதி சிக்கலாகியிருக்கும். 1957-ல் ஓரிகன் சட்டமன்றம் ஒரு விதி போட்டது: தேசியக் காட்டோடு மாற்றிக்கொண்டு வந்த எலியட் நிலங்களை விற்கக் கூடாது. 2014-ல் விற்ற மூன்றில் ஒன்றான கிழக்கு ஹாக்கி ரிட்ஜ், 788 ஏக்கர், இந்த விதியின்படி நீதிமன்றம் போனது. 2019-ல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. எலியட்டின் மிகப் பெரும்பகுதி அப்படி மாற்றிக்கொண்ட நிலம்தான்.

பாடம் எளிது. விலை பேசுமுன் நிலம் மாநிலத்துக்கு எப்படி வந்தது என்று மூலப்பத்திரம்வரை போய்ப் பார்க்க வேண்டும். பரிமாற்றத்தில் வந்ததா, பூங்காவுக்கென்று யாராவது தானம் கொடுத்ததா, ஒன்றிய மானியத்தில் வாங்கியதா என்பதைப் பொறுத்து விற்கும் உரிமையே மாறும்.

பூர்வகுடி வாங்கினால் அந்த நிலம் உடனே ரிசர்வேஷன் (பூர்வகுடிக்கென்று ஒதுக்கிய நிலம்) ஆகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு தவறான எண்ணத்தில்தான் பல ஊர்க் கூட்டங்கள் கெட்டுப்போகின்றன.

பூர்வகுடி சாதாரணக் கிரயத்தில் வாங்கினால் அது மற்ற எந்த உரிமையாளரும் வாங்குவது போன்றதே. மாநிலச் சட்டமும் கட்டட விதிகளும் வரியும் பொதுவாகத் தொடரும். டிரஸ்ட் நிலம் என்பது வேறு. அதில் பட்டா ஒன்றிய அரசின் பெயரில், அனுபவம் பூர்வகுடிக்கு. அந்த நிலைக்கு மாற்ற 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறை ஏறத்தாழ இப்படிப் போகும்.

பூர்வகுடி மன்றம் தீர்மானம் போடுகிறது. நில விவரணை, உரிமைச் சான்று, நோக்கம், வரைபடம் எல்லாம் சேர்த்து இந்திய விவகாரப் பணியகத்துக்கு (பெயரில் இந்தியா இருந்தாலும், அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கவனிக்கும் ஒன்றிய அரசு அலுவலகம்) அனுப்புகிறது. பணியகம் மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் எழுதி, வரி, அதிகார எல்லை பற்றிக் கருத்துச் சொல்ல 30 நாள் தருகிறது. சுற்றுச்சூழல் ஆய்வும், மண்ணில் நச்சுக் கழிவு இருக்கிறதா என்ற சோதனையும் நடக்கும். இந்தச் சோதனை அறிக்கை 180 நாளுக்குமேல் பழசானால் புதுப்பிக்க வேண்டும். கோப்பு இழுக்கும்போது இதையே இரண்டு மூன்று முறை செய்ய நேரும். பிறகு அரசு வழக்கறிஞர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள். முழுக் கோப்பு சேர்ந்தபின் 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. ஆனால் கோப்பு முழுமையாவதற்கே ஆண்டுகள் ஆகலாம்.

2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்சியெரி வழக்கில் ஒரு தடையும் வைத்தது: 1934-லேயே ஒன்றிய அரசின் அதிகாரத்தின்கீழ் இருந்த பூர்வகுடிகளுக்குத்தான் அந்தச் சட்டவழி திறக்கும். மற்றவர்களுக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும்.

வரி போய்விடும் என்கிறார்களே?

சாதாரணக் கிரயமாக, ரிசர்வேஷனுக்கு வெளியே இருக்கும்வரை பொதுவாக வரி உண்டு. டிரஸ்டுக்கு மாறினால் சொத்து வரி கிடையாது. ஓரிகனில் தங்கள் பழைய எல்லைக்குள் பூர்வகுடி வாங்கி, டிரஸ்ட் விண்ணப்பம் நடக்கும்போதே விலக்குப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. தீயணைப்பு, சாலை, காவல் ஆகியவற்றுக்குப் பூர்வகுடி ஆண்டுதோறும் எவ்வளவு தரும் என்று கவுண்டியோடு தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்வது வழக்கம். ஒன்றை மறக்க வேண்டாம்: நிலம் இப்போதே பொது நிலமென்றால் இப்போதும் வரி வரவில்லை. இழப்பென்று சொல்பவர்கள் எதிலிருந்து கழிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேசினோ கட்டிவிட்டால்?

1988 அக்டோபர் 17-க்குப் பிறகு டிரஸ்டுக்கு வந்த நிலத்தில் சூதாட்டம் பொதுவாகத் தடை. விலக்குகள் உண்டு: அங்கீகாரம் மீட்கப்பட்ட பூர்வகுடிக்கு மீண்ட நிலம் ஒன்று, ஒன்றிய உள்துறையும் (அங்கே நிலங்களையும் பூர்வகுடி விவகாரங்களையும் பார்க்கும் துறை) மாநில ஆளுநரும் இசைந்தால் மற்றொன்று. இந்தப் பயம் உண்மையிலேயே இருந்தால் பத்திரத்திலோ சட்டத்திலோ ஒரே வரியில் எழுதிவிடலாம். ஓரிகனில் 2018-ல் அதைத்தான் செய்தார்கள், கீழே வருகிறது.

நிபந்தனையை மீறினால் பூர்வகுடிமேல் வழக்குப் போட முடியுமா?

அதுவாக இசைந்தால் ஒழிய முடியாது. பூர்வகுடி அரசு என்பதால் அதன்மேல் வழக்குத் தொடர முடியாத காப்பு அதற்கு உண்டு. பத்திரத்தில் எத்தனை அழகாக நிபந்தனை எழுதினாலும், காப்பை விட்டுக்கொடுக்கும் வாசகம் இல்லையென்றால் அதை நிறைவேற்ற நீதிமன்றம் கிடைக்காமல் போகலாம். நில உரிமை வழக்குகளிலும் இந்தக் காப்பு செல்லுமா என்ற கேள்வியை 2018-ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லாமல் கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியது.

ஆகவே மூன்றைச் சேர்த்து எழுத வேண்டும். முதலாவது, எந்தெந்தக் கடமைக்காக மட்டும் காப்பை விட்டுக்கொடுக்கிறது, எந்த நீதிமன்றத்தில் அல்லது நடுவர் முன்பு என்று பெயர் சொல்லி எழுதுவது. 2001-ல் ஒரு வழக்கில் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்ட வாசகமே காப்பை விட்டதாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது, அந்த வாசகத்தை ஏற்று பூர்வகுடி மன்றம் போட்ட தீர்மானத்தின் படி. கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதில் பல ஒப்பந்தங்கள் விழுந்திருக்கின்றன. மூன்றாவது, வழிப்பாத்தியதை, ஓடைக்கரைக் காப்பு போன்றவற்றைக் கிரயத்துக்கு முன்பே தனிப் பத்திரமாகப் பதிவது. நிலம் கைமாறினாலும் அது நிலத்தோடு ஒட்டி நிற்கும்.

நிபந்தனை மீறினால் நிலம் தானாகத் திரும்பிவிடும் என்று எழுத ஊர்மன்றங்களுக்கு ஆசை. அதில் ஒரு பொறி இருக்கிறது. அப்படியொரு வில்லங்கம் தலைக்குமேல் தொங்கும் நிலத்தை டிரஸ்டாக ஏற்குமுன் அதை நீக்கச் சொல்ல ஒன்றிய அரசால் முடியும். பூர்வகுடியின் டிரஸ்ட் முயற்சி அங்கேயே நின்றுவிடும். அது நோக்கமில்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள். அதுதான் நோக்கமென்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நட்பு விற்பனை என்று பேர் வைக்காதீர்கள்.

விற்காமல் சும்மா திருப்பிக் கொடுக்க வழியில்லையா?

உண்டு, நடந்தும் இருக்கிறது. கலிபோர்னியாவில் யுரீகா நகரத்தின் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தீவில் துலுவாட் என்ற இடம் வியோட் மக்களின் உலகப் புதுப்பிப்புச் சடங்கு நடந்த மண். 1860 பிப்ரவரி 26 அன்று அங்கே சடங்குக்காகத் தங்கியிருந்த பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். 2000-ல் வியோட் மக்கள் டி-ஷர்ட்டும் உணவும் விற்றுச் சேர்த்த காசில் ஒன்றரை ஏக்கரை 1,06,000 டாலருக்கு வாங்கினார்கள். அது பழைய படகுப் பட்டறை இருந்த இடம், மண்ணெல்லாம் நச்சு. தங்கள் புனித நிலத்தை விலைக்கு வாங்கி, அடுத்தவர் விட்டுப்போன விஷத்தையும் அவர்களே அள்ளினார்கள். 2004-ல் நகரம் 40 ஏக்கர் கொடுத்தது. 2014-ல் சடங்கு மீண்டும் நடந்தது. 2019 அக்டோபரில் நகரம் வைத்திருந்த மிச்சம், சுமார் 200 ஏக்கர், விலையில்லாமல் பத்திரமானது.

யுரீகாவால் முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தத் தீவு நிலத்தை நம்பி எந்த நிதியும் இல்லை என்பது. எலியட்டில் பள்ளி நிதி கழுத்தில் கயிறாக இருந்தது. முதலில் கயிற்றை அவிழ்த்திருந்தால் விலையில்லாமல் தருவதைப் பற்றியாவது பேசியிருக்கலாம்.

ஓரிகனிலேயே இன்னொரு வழியும் திறந்தது. 2018 ஜனவரியில் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின்படி, ஒன்றிய அரசின் காட்டு நிலத்திலிருந்து கவ் க்ரீக் மக்களுக்கு 17,500 ஏக்கர் அளவிலும் கூஸ், கீழ் அம்ப்குவா, சயூஸ்லா கூட்டமைப்புக்கு 14,700 ஏக்கர் அளவிலும் நேரடியாக டிரஸ்டில் கிடைத்தது. விலை இல்லை. அங்கே கேசினோ கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

இன்று எலியட் யார் கையில்?

மாநிலத்தின் கையில். 2022-ல் மீதிப் பணத்தையும் சட்டமன்றம் ஒதுக்கி, பள்ளி நிதிக்கான மொத்தம் 22 கோடியே 10 லட்சம் டாலர் கணக்கை முடித்தது. அதே ஆண்டு எலியட்டை ஆராய்ச்சிக் காடாக மாற்றும் சட்டம் வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அதை நடத்துவதாக ஏற்பாடு. 2023 நவம்பரில் பல்கலைக்கழகம் விலகியது. மரங்கள் சேர்த்துவைக்கும் கார்பனைக் கணக்கிட்டுக் காசாக்கும் கார்பன் வருமானத் திட்டம் பற்றிய கருத்து வேறுபாடும், கூஸ், கீழ் அம்ப்குவா, சயூஸ்லா கூட்டமைப்பு ஆதரவை விலக்கிக்கொண்டதும் அதன் பின்னணியில் இருந்தன. அதன்பின் மாநில நிலத் துறையே ஆராய்ச்சிக் காட்டை நடத்துகிறது.

2017-ல் காட்டைப் பொதுவில் வைத்திருக்க முடிவெடுத்தபோது, பூர்வகுடிகள் தங்கள் மூதாதையர் மண்ணில் மீண்டும் உரிமை பெறும் வாய்ப்பும் பேச்சில் இருந்தது. நிதிக் கயிறு இப்போது அவிழ்ந்துவிட்டதால், பணம் இல்லை என்ற பழைய காரணத்தை இனி யாரும் சொல்ல முடியாது.

எங்கள் கவுண்டியிலும் இப்படியொரு விற்பனை வருகிறது. முதல் கூட்டத்துக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

நிலத்தின் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும். அந்த நிலத்தின் வருமானம் எந்த நிதிக்குப் போகிறது என்பதைக் காட்டும் கடைசி 5 ஆண்டுக் கணக்கு. அந்தப் பகுதியோடு தொடர்புள்ள எல்லாப் பூர்வகுடிகளின் பட்டியலும், அவர்களுக்கு எப்போது கடிதம் போனது என்ற தேதியும். வரைவுக் கிரயப் பத்திரம் முழுவதும், சுருக்கம் போதாது. பொதுமக்கள் போய்வரும் பாதை வரைபடத்தில் கோடாகப் போடப்பட்டிருக்கிறதா, வெறும் விழுக்காடாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை விரலை வைத்துப் பாருங்கள். விழுக்காடு மட்டும் இருந்தால், கோடு போடும்வரை வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.